சந்து வீட்டுக்கும் ஒரு டிசம்பர் பூ

மார்கழி பிறந்தால் மல்லிகை விலை ஏறிவிடும். குளிரில் செடி அரும்பு கட்டுவது குறைந்துவிடுவதே காரணம். மாட்டுங்கா லேபர் கேம்பில், சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுத் தாய்மார்கள் பூக்கடையைப் பார்த்தும் பாராமலும் போகும் மாதம் அது. அந்த மாதத்துக்கென்றே பூக்கும் செடி ஒன்று உண்டு. நெல்லைப் பக்கம் வேலியோரத்தில் கேட்பாரற்று நிற்குமே, அந்த டிசம்பர் பூதான்!

ஐரோப்பாவில் பனிக்காலத்தில் பூக்கும் ஒரு செடியைக் ‘கிறிஸ்துமஸ் ரோஜா’ என்று கொண்டாடுகிறார்கள். பெயரில்தான் ரோஜா. உண்மையில் அது ஹெல்லெபோர் என்ற வேறு இனம், நஞ்சுள்ளதும்கூட. மும்பைப் புழுக்கத்தில் அது பிழைக்காது. ஆனால் அதன் நல்ல குணங்கள் இரண்டும் நம் டிசம்பர் பூவிடம் இருக்கின்றன: அரை நிழலைப் பொறுத்துக்கொள்ளும், மற்றவை ஓய்ந்திருக்கும்போது பூக்கும். டிசம்பர் பூ கனகாம்பரத்துக்கு உறவு. 1753-ல் லின்னேயஸ் இதற்குப் ‘பார்லேரியா கிறிஸ்டாட்டா’ என்று பெயர் வைத்தார். ஊதா, வெள்ளை, ரோஸ், வெள்ளையில் ஊதாக்கோடு என நிறங்கள் பல. மணம்தான் கிடையாது. அதனால் என்ன? இரண்டு கொத்து மரிக்கொழுந்து சேர்த்துக் கட்டினால் தீர்ந்தது.

இதற்குத் தோட்டம் வேண்டாம். காலி எண்ணெய் டின் போதும். அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஊரில் தண்ணீர் போதாமல் செடி வாடும். இங்கோ ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் டின்னுக்குள் நீர் தேங்கி வேர் அழுகிவிடும். செங்கல் துண்டு இரண்டை அடியில் வைத்து டின்னைத் தூக்கி நிறுத்துவது நல்லது. மண்ணோடு கொஞ்சம் மணலும் மக்கிய சாணமும் கலக்கலாம்.

ஊருக்குப் போகிறவர்கள் விரற்கடைப் பருமனில்கூட வேண்டாம், பென்சில் அளவில் நாலு குச்சி ஒடித்து வந்தால் போதும். ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். ஈரத்துணி சுற்றியிருந்தால் தாங்கும். மழை தொடங்கியதும் நட்டால் வேர் பிடிக்கும். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதராகும். ஆகஸ்டோடு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். பிறகும் கிள்ளினால் மொட்டு போய்விடும்.

சந்தில் வெயில் விழுவதே அபூர்வம். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் வெயில் படும் வாசற்படியோரம் பார்த்து வைக்கலாம். தகரக் கூரைமேல் வைத்தால் சூட்டில் காய்ந்துவிடும். குழாயில் தண்ணீர் வரும் நேரம் கொஞ்சம்; குடிக்கவே குடம் குடமாய்ப் பிடித்து வைக்கிறோம், செடிக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. அரிசி களைந்த நீரே இதற்குப் போதும். சோப்பு நீரை மட்டும் ஊற்றக்கூடாது.

பூவைக் காலையிலேயே பறித்துக் கட்டிவிட வேண்டும். இதழ் மெல்லியது, சீக்கிரம் துவளும். கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குப் போகும் வீட்டிலும் மார்கழிக் கோலம் போடும் வீட்டிலும் அதே பூதான். பூ ஓய்ந்ததும் செடியைப் பாதியாக வெட்டிவிடலாம். அதற்குமுன் காய்ந்த காய்களைப் பறித்துத் துணியில் முடிந்து வைக்க வேண்டும். விட்டால் ‘டப்’பென்று வெடித்து, விதை எதிர்வீட்டு டின்னில் போய் விழும்!