புதுப்பித்ததால் பழுதானால் யார் பொறுப்பு?

மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஓர் இரவு கைப்பேசியில் அறிவிப்பு வந்தது. இசைவு தந்துவிட்டு உறங்கினேன். காலையில் திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. முதல் நாள்வரை சிறு கீறலும் இல்லாத கருவி அது. இரண்டே நாளில் கோடுகள் மூன்றாயின.

பாகூரிலிருந்து வில்லியனூருக்குச் சென்று, பழக்கமான கடைக்காரரிடம் காட்டினேன். “திரையை மாற்றித்தான் ஆக வேண்டும் ஐயா. கம்பெனித் திரை எங்களுக்குக் கிடைக்காது, புதுச்சேரிக்கே போய்விடுங்கள்” என்றார். நகரத்துச் சேவை மையத்தில், “வாரண்டி முடிந்து நான்கு மாதம் ஆகிறது சார். பதினோராயிரம் ஆகும்” என்றார்கள். வாங்கிய விலையில் அது பாதிக்கும் மேல். பழைய மென்பொருளுக்காவது திரும்பலாமா என்று கேட்டேன். அதற்கும் வழியில்லையாம்.

பேருந்தில் திரும்பும்போது ஒரு கேள்வி குடைந்துகொண்டே வந்தது. உத்தரவாதம் முடிந்த பிறகும் என் கருவிக்குள் புகுந்து மாற்றம் செய்ய நிறுவனத்தால் முடிகிறது. அதனால் விளையும் கேட்டுக்கு மட்டும் அது பொறுப்பாகாதா?

மென்பொருள் எப்படித் திரையைக் கெடுக்கும் என்று கேட்கலாம். புதுப்பிப்பின்போது செயலிக்கு வேலை கூடுகிறது, கருவி சூடேறுகிறது. திரையை உள்ளிருக்கும் மின்சுற்றுடன் இணைப்பது காகிதம்போல் மெல்லிய ஒரு பட்டை. அந்த இணைப்பு ஏற்கெனவே பலவீனமாக இருந்தால், வெப்பம் அதை வெளிக்கொணரக்கூடும். ‘குறை முன்பே இருந்தது, புதுப்பிப்பு காரணமல்ல’ என்று நிறுவனம் வாதிடலாம். அப்படியானால் அது தன் உற்பத்திக் குறையையே ஒப்புக்கொள்கிறது.

இத்தாலி இந்தக் கேள்விக்கு விடை கண்டிருக்கிறது. 2014இல் வெளியான கேலக்ஸி நோட் 4 கைப்பேசியில், புதிய மாடலுக்கென வடிவமைத்த மென்பொருளை நிறுவுமாறு 2016இல் சாம்சங் வலியுறுத்தியது. பழைய கருவி அந்தச் சுமையால் பழுதாகலாம் என்று எச்சரிக்கவில்லை. உத்தரவாதம் முடிந்தவர்களிடம் பழுதுநீக்க அதிகக் கட்டணமும் கேட்டது. இதை முறையற்ற வணிகம் என்று தீர்மானித்த இத்தாலியின் போட்டி ஆணையம், 2018 அக்டோபரில் 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

இந்தியாவில் பச்சைக் கோடு பற்றிய புகார்கள் பெருகியபோது, 2023இல் ஒன்பிளஸ் நிறுவனம் சில மாடல்களின் திரைக்கு வாழ்நாள் உத்தரவாதம் அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அது நிறுவனம் தானாகத் தந்த சலுகை. நுகர்வோரின் உரிமையாக எங்கும் எழுதப்படவில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பொருள் பொறுப்பு’ என்று தனி அத்தியாயமே உண்டு. ஆனால், ‘தீங்கு’ என்பதற்கு அது தரும் விளக்கத்தில், அந்தப் பொருளுக்கே நேரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசி வெடித்துக் கை வெந்தால் இந்த அத்தியாயம் உதவும். கைப்பேசி மட்டும் பாழானால் உதவாது. எனவே ‘குறைபாடுள்ள பொருள்’, ‘சேவைக் குறைபாடு’ என்ற பொதுவான வழிகளில்தான் செல்ல வேண்டும். அங்கும் சிக்கல் உண்டு. இலவசச் சேவை இச்சட்டத்துக்குள் வராது. புதுப்பிப்பு இலவசம்தானே என்று நிறுவனம் கூறலாம். ஆனால், இத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு உண்டு என்று விளம்பரம் செய்தே விற்கிறார்கள் என்றால், அதன் விலையும் நாம் கொடுத்த பணத்தில் அடங்கியதுதான்.

இருந்தும் முயலத் தயங்க வேண்டியதில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே அளிக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. முதற்கட்டமாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்யலாம். புதுப்பித்த தேதி, மென்பொருள் பதிப்பின் எண், திரையின் படம், சேவை மையம் எழுதித் தந்த சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது அவசியம். கருவியை ஆய்வகத்துக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவு புகார்தாரரின் தலையில் விழும். சாமானியர் பின்வாங்கும் இடம் அதுதான்.

ஆகவே சட்டத்தில் ஒரு தெளிவு தேவை. புதுப்பித்த சில வாரங்களுக்குள் பழுது தோன்றினால், புதுப்பிப்பு காரணமல்ல என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தைச் சார வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி திறந்திருக்க வேண்டும். உதிரிபாகங்கள் வில்லியனூர்க் கடைக்காரருக்கும் கிடைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், விற்பனை முடிந்து ஏழு ஆண்டுகள் வரை உதிரிபாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது.

என் கதையைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பெரியவர், இனிப் புதுப்பிக்கவே மாட்டேன் என்கிறார். அவருடைய வங்கிக் கணக்கு அந்தக் கைப்பேசியில்தான் இருக்கிறது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் இதே புதுப்பிப்புகள்தாம் என்று விளக்கினேன். “அடைக்க வருபவன் சுவரை இடித்தால் யார் கட்டித் தருவார்?” என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை; சட்டம்தான் சொல்ல வேண்டும்.