தி கேட் (1987 திரைப்படம்)

தி கேட் (பொருள்: வாயில்) என்பது 1987 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ஒரு கனேடியத் திகில் திரைப்படமாகும். அங்கேரியில் பிறந்து கனடாவில் குடியேறிய டிபோர் டக்காச் இதனை இயக்கினார். திரைக்கதையை மைக்கேல் நான்கின் எழுதினார். ஜோன் கெமெனி தயாரித்த இப்படம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் படமாக்கப்பட்டது. பின்னாளில் புகழ்பெற்ற நடிகரான ஸ்டீபன் டோர்ஃப் திரைப்படத்தில் அறிமுகமானது இதில்தான்.

பெற்றோர் வெளியூர் சென்றிருக்கும் மூன்று நாட்களில், வீட்டின் பின்புறத் தோட்டத்தில் உள்ள ஒரு குழி வழியாகப் பேய்கள் வெளிவருகின்றன. அவற்றை மூன்று சிறுவர்கள் எதிர்கொள்கின்றனர். கதை இவ்வளவே. வெளிவந்தபோது இப்படம் பெரிய வெற்றி என்று பேசப்படவில்லை. எனினும் நிகழ்பட நாடாக்கள் வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் ஒரு தலைமுறைச் சிறுவர்களைச் சென்றடைந்து, சிறிய ஆனால் விடாப்பிடியான இரசிகர் கூட்டத்தைப் பெற்றது.

கதைச் சுருக்கம்

(கவனிக்க: இப்பகுதியில் கதையின் முடிவும் தரப்பட்டுள்ளது.)

கிளென் பன்னிரண்டு வயதளவிலான சிறுவன். புறநகர் வீடொன்றில் தாய், தந்தை, அக்கா அலெக்சாண்ட்ரா ஆகியோருடன் வாழ்கிறான். அக்காவை அனைவரும் ஆல் என்றே அழைப்பர். தோட்டத்தில் இருந்த மரம் வீழ்த்தப்பட்டு வேரோடு அகற்றப்படுகிறது. அம்மரத்தில்தான் கிளெனின் மர வீடு இருந்தது. மரம் இருந்த இடத்தில் எஞ்சிய குழியில் கிளெனும் அவனது நண்பன் டெரியும் ஒரு படிகக் கல்லைக் கண்டெடுக்கின்றனர். மேலும் தோண்ட, பெரிய கல் ஒன்றும் கிடைக்கிறது. வெளியே கரடுமுரடாகவும் உள்ளே குழிவாகவும் இருக்கும் இவ்வகைக் கற்கள் ஜியோடு எனப்படும். பாறையின் வெற்றிடத்துள் கனிமங்கள் கலந்த நீர் கசிந்து, நீண்ட காலத்தில் உட்சுவரில் படிகங்களாகப் படிவதால் இவை உருவாகின்றன. கல் சேகரிக்கும் சிறுவர்களுக்கு இவை நன்கு தெரிந்த பொருள். இயற்கையில் உண்மையாகவே இருக்கும் ஒரு பொருளிலிருந்து கதை தொடங்குவது கவனிக்கத்தக்கது.

பெற்றோர் வெளியூர் செல்ல, பதினைந்து வயது ஆல் வீட்டுக்குப் பொறுப்பாகிறாள். அவள் தன் நண்பர்களை அழைத்து விருந்து வைக்கிறாள். விருந்தில் விளையாட்டாகக் கிளெனைத் தூக்கும்போது அவன் உண்மையாகவே காற்றில் மிதக்கிறான். அன்றிரவு டெரி தன் இறந்த தாயைக் காண்கிறான். ஓடிச் சென்று அணைத்துக்கொள்கிறான். கண் தெளியும்போது அவன் கைகளில் இருப்பது அவ்வீட்டு நாய் ஆங்கசின் உயிரற்ற உடல். நாயைப் புதைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பப்பட்ட இளைஞன் உடலைத் தோட்டத்துக் குழியிலேயே போட்டுவிட, வாயில் திறப்பதற்கான பலி நிறைவேறிவிடுகிறது.

இதற்கிடையில் டெரி, தன்னிடம் உள்ள ஹெவி மெட்டல் இசைத்தட்டு ஒன்றும் அதனுடன் வந்த குறிப்புகளும் இந்நிகழ்வுகளையே விவரிப்பதைக் கண்டுபிடிக்கிறான். குழியிலிருந்து சிறு பேய்கள் கூட்டமாக வெளிவருகின்றன. வீட்டுச் சுவருக்குள் வேலையாள் ஒருவன் புதையுண்டு கிடக்கிறான் என்று டெரி முன்னர் அச்சுறுத்தச் சொன்ன கதை உண்மையாகி, அவ்வேலையாள் சுவரைப் பிளந்து வருகிறான். டெரியும் ஆலும் ஒருவர் பின் ஒருவராகக் கவர்ந்து செல்லப்படுகின்றனர். தனித்து நிற்கும் கிளென், வீட்டின் தரையைப் பிளந்துகொண்டு எழும் பேய்த் தலைவனைத் தன் மாதிரி ராக்கெட்டைச் செலுத்தி அழிக்கிறான். பின்னர் ஆல், டெரி, நாய் மூவரும் உயிருடன் திரும்புகின்றனர். வீடு மட்டும் இடிபாடாகக் கிடக்கிறது.

அச்சத்தின் தன்மை

எண்பதுகளில் சிறுவர்களை மையமாகக் கொண்ட கனவுருப் படங்கள் பல வெளிவந்தன. 1982 இல் ஈ.டி., போல்டர்கைஸ்ட் ஆகியனவும், 1984 இல் கிரெம்லின்ஸும், 1985 இல் த கூனீஸும் வெளிவந்தன. போல்டர்கைஸ்டில் பெற்றோர் குழந்தைக்காகப் போராடுகின்றனர். கூனீஸில் ஒரு சிறுவர் குழுவே உள்ளது. தி கேட் படத்திலோ வீடு தொடக்கத்திலிருந்தே வெறுமையாகிறது. படம் தொடங்குவதே கிளென் ஆளற்ற வீட்டுக்குத் திரும்பி வருவதாகக் காணும் கனவில்தான். பேய் வருவதற்கு வெகு முன்னரே, யாரும் இல்லை என்ற அச்சம் வந்துவிடுகிறது. இப்படத்தின் உண்மையான பொருள் இதுவே எனலாம்.

பேய்கள் இவ்வச்சத்தை அறிந்தே செயற்படுகின்றன. டெரி தாயை இழந்தவன். எனவே அவனிடம் தாயின் உருவில் வருகின்றன. கிளென் பெற்றோரின் வருகைக்காக ஏங்குபவன். எனவே அவனிடம் தந்தையின் உருவில் வருகின்றன. அத்தந்தை மகனின் கழுத்தைப் பற்றிக்கொண்டு அவன் தவறு செய்துவிட்டதாகக் குற்றஞ்சாட்டுகிறார். பிள்ளை தடுத்துத் தள்ள, அவரது முகமே அவன் விரல்களில் குழைந்து சிதைகிறது. சிறுவயதில் இப்படத்தைப் பார்த்தவர்கள் பேய்த் தலைவனைவிட இக்காட்சியையே அதிகம் நினைவுகூர்வதில் வியப்பில்லை. வெளியிலிருந்து வரும் பகை ஒன்று. காக்க வேண்டியவரே பகையாகத் தோன்றுவது வேறொன்று.

அக்கா, தம்பி உறவும் இதே இழையைச் சேர்ந்தது. ஆலும் கிளெனும் முன்பு சேர்ந்து மாதிரி ராக்கெட்டுகள் செய்து பறக்கவிட்டவர்கள். இப்போது அவளுக்குத் தோழிகளும் விருந்துகளும் முக்கியமாகிவிட்டன. தம்பியை அவள் வெறுக்கவில்லை; வளர்ந்துகொண்டிருக்கிறாள், அவ்வளவே. அவள் அவனுக்குப் பரிசாக வாங்கி வைத்திருந்த ராக்கெட்டே இறுதியில் ஆயுதமாகிறது. அன்பும் ஒளியும் தீய சக்தியை வெல்லும் என்ற கருத்தை உரையாடல் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. இவ்விடத்தில் திரைக்கதை சற்று நேரடியாக உள்ளது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்து, பின் கைவிட்ட ஒரு பொழுதுபோக்கு என்பதால் அது மந்திரக்கோலைப் போல் தோன்றாமல் பொருந்தி அமைகிறது.

இசைத்தட்டும் அக்காலச் சூழலும்

இசைத்தட்டைப் பின்னோக்கிச் சுழற்றினால் மறைசெய்தி கேட்கும் என்ற நம்பிக்கை அன்றைய அமெரிக்காவில் பரவலாக இருந்தது. ஹெவி மெட்டல் இசை இளைஞரைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது எனப் பல பெற்றோரும் சமய அமைப்புகளும் குற்றஞ்சாட்டினர். பாடல் வரிகள் குறித்து 1985 செப்டெம்பரில் அமெரிக்க செனட் சபைக் குழுவொன்று விசாரணையும் நடத்தியது.

தி கேட் இந்த அச்சத்தை எடுத்துத் தலைகீழாக்குகிறது. சாக்ரிஃபிக்ஸ் என்ற கற்பனை இசைக்குழுவின் தட்டு பேயை அழைப்பதில்லை. மாறாக, என்ன நடக்கிறது என்பதைச் சொல்லி எச்சரிக்கிறது. அதைப் பின்னோக்கிச் சுழற்றும்போது கிடைப்பது வாயிலை மூடும் மந்திரமாகும். பெரியவர்கள் பறித்தெறிய விரும்பிய தட்டே சிறுவர்களுக்குக் கையேடாகிறது. விவிலியமும் படத்தில் பயன்படுகிறது. டெரி அதிலிருந்து சில பகுதிகளை வாசித்துப் பார்க்கிறான். இறுதியில் நூலையே குழிக்குள் எறிகிறான். குழி மூடுகிறது, ஆனால் தற்காலிகமாக மட்டுமே. இக்காட்சியைப் பக்தியாகவும் கொள்ளலாம், குறும்பாகவும் கொள்ளலாம். படம் எதையும் வற்புறுத்துவதில்லை.

சிறப்புக் காட்சிகள்

இப்படம் இன்றும் பேசப்படுவதற்கு மற்றொரு காரணம் ராண்டல் வில்லியம் குக் அமைத்த சிறப்புக் காட்சிகளாகும். கணினி வரைகலை திரைத்துறையில் பரவாத காலம் அது. இப்பேய்களைக் கணினி உருவாக்கவில்லை. படத்தில் ஓரடி உயரம் மட்டுமே இருப்பனபோல் தோன்றும் பேய்கள், உண்மையில் இரப்பர் உடை அணிந்த முழு வளர்ச்சி பெற்ற நடிகர்கள்.

இதற்குப் பயன்பட்ட முறையைத் தொலைவு மயக்கம் எனலாம். ஒரு பொருள் ஒளிப்படக்கருவியிலிருந்து எத்தனை மடங்கு தொலைவில் உள்ளதோ, அத்தனை மடங்கு சிறியதாகத் தெரியும். எடுத்துக்காட்டாக, ஆறடி மனிதன் ஓரடிப் பேயாகத் தெரிய வேண்டுமெனில், சிறுவன் கருவியிலிருந்து 5 அடியில் நிற்கும்போது அம்மனிதன் 30 அடியில் நிற்க வேண்டும். அவன் நிற்கும் தரை, சுவர், அறைக்கலன் அனைத்தும் அதே விகிதத்தில் பெரிதாகக் கட்டப்பட்டு, முன்னுள்ள தரையுடன் தடயமின்றி இணைவதுபோல் பொருத்தப்பட வேண்டும். கருவி சிறிது நகர்ந்தாலும் மயக்கம் கலைந்துவிடும். அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருங்கே தெளிவாகத் தெரிய வேண்டுமென்பதால் வில்லையின் துளையைக் குறுக்கி, மிகுந்த ஒளியும் பாய்ச்ச வேண்டும். நடிப்பவருக்கும் இது கடினமே. காலடியில் பேய் நிற்பதுபோல் வெறுந்தரையைப் பார்த்து அஞ்ச வேண்டும். பேயோ பல அடி தள்ளி நிற்கும். ஆயினும் ஒரே படச்சுருளில் ஒரே நேரத்தில் இருவரும் பதிவாவதால், ஒளியும் நிழலும் பிசகாமல் ஒன்றுகின்றன. பழைய முறையின் பயன் இதுவே.

வேலையாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, அவ்வுடலே பல சிறு பேய்களாகச் சிதறி ஓடும் காட்சி இப்படத்தின் சிகரம் எனலாம். எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி, முறையை அறிந்த பின்னரும் எஞ்சி நிற்கிறது.

பேய்த் தலைவன் வேறு முறையில் அமைந்தது. சிறு பாவையொன்றைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படம்பிடித்துத் தொடராக ஓட்டுவது அம்முறை. ஒரு வினாடிக் காட்சிக்கு 24 சட்டகங்கள் தேவை. குக் இக்கலையில் தேர்ந்தவர். 1984 இல் வெளிவந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் படத்தின் பேய் நாய்களுக்கும் இதே முறையில் அசைவூட்டியவர். பிற்காலத்தில் த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் வரிசையின் மூன்று படங்களுக்கும் சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கார் விருதைப் பகிர்ந்துகொண்டார். தி கேட் படத்தின் பேய்த் தலைவன் கிளெனை உடனே கொல்வதில்லை. பிள்ளையைத் தடவிக் கொடுப்பதுபோல் தொட்டுவிட்டுச் செல்கிறான். சிறுவனின் உள்ளங்கையில் ஒரு கண் முளைக்கிறது. குருதி மிகுதியாகக் காட்டப்படாத இப்படத்தில் மிகவும் நடுங்கவைக்கும் கணம் இது.

வெளியீடும் வரவேற்பும்

அமெரிக்காவில் இப்படம் 1987 மே 15 அன்று, 13 வயதுக்குட்பட்டோர் தொடர்பில் பெற்றோர் கவனம் தேவை என்ற தரச்சான்றுடன் வெளியானது. அத்தரம் 1984 இல்தான் உருவாக்கப்பட்டிருந்தது. அதே நாளில் வாரன் பீட்டி, டஸ்டின் ஹாஃப்மன் நடித்த இஷ்டார் என்ற பெருஞ்செலவுப் படமும் வெளிவந்தது. ஐந்து கோடி டாலருக்கும் மேல் செலவான அப்படம் முதல் வார இறுதியில் முதலிடம் பெற்றது. ஆனால் நட்சத்திரங்கள் எவருமற்ற தி கேட் படத்தைவிட அது ஈட்டிய கூடுதல் வருவாய் ஏறக்குறைய ஓர் இலட்சம் டாலர் மட்டுமே. தி கேட் அமெரிக்காவில் மொத்தம் சுமார் 1 கோடியே 35 இலட்சம் டாலர் ஈட்டியது. விமர்சகர்களின் கருத்து கலவையாக இருந்தது. முதற்பாதி மெதுவாகச் செல்கிறது என்ற குறையில் உண்மை உண்டு. ஆயினும் வெறுமையான வீட்டில் நாம் பழகிப்போவது அம்மெதுவான பகுதியால்தான்.

இயக்குநரும் குக்கும் 1989 இல் ஐ, மேட்மேன் என்ற திகில் படத்தில் மீண்டும் இணைந்தனர். அதில் குக் கொலைகாரனாக நடித்தும் உள்ளார். தி கேட் படத்தின் தொடர்ச்சி 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது. டக்காச்சும் நான்கினுமே அதையும் உருவாக்கினர். ஆனால் டோர்ஃப் அதில் இல்லை. டெரியாக நடித்த லூயி டிரிப் மட்டும் திரும்பினார். முதற்படத்தின் வலு அக்கா, தம்பி, நண்பன் என்ற மூவரிடத்தும் இருந்தமையால், தொடர்ச்சி அதே வரவேற்பைப் பெறவில்லை. பேய்களை இயக்கிய டக்காச் 1996 இல் சப்ரினா என்ற இளம் சூனியக்காரியைப் பற்றிய நகைச்சுவைத் தொலைக்காட்சிப் படத்தையும் இயக்கினார் என்பது ஒரு சுவையான தகவல். தி கேட் 2017 இல் புளூ-ரே வட்டாக மீண்டும் வெளியிடப்பட்டது.