தொடை ஈந்த தோல்

நம் தளி, ஓசூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியபின், இயந்திரத்தில் கை நசுங்கிய இளைஞரைக் காணச் செல்வது நமக்குப் புதிதன்று. ஒருமுறை மருத்துவமனையில் ஒரு தாய் கண்ணீருடன் நம்மிடம் கேட்டார்: "சாமி, கைக்குத் தொடைத் தோலை எடுக்கணும்னு சொல்றாங்க. கையோட காலும் போயிடுமா?" அவ்வச்சம் இயல்பானதே; ஆயினும் தேவையற்றது.

தோல் வெறும் போர்வையன்று. இரத்தத்தால் வாழும் உறுப்பு. மேலோட்டமான காயத்தில் மெல்லிய தோலைச் சீவி ஒட்டினால், அடியிலுள்ள சதையிலிருந்து இரத்தம் பெற்று அது பிழைக்கும். எலும்பும் தசைநாணும் வெளியே தெரியும் காயத்திலோ அதற்கு வழியில்லை. அங்கே கொழுப்புடன் கூடிய தோலை அதன் இரத்தக் குழாயோடு கொண்டுவர வேண்டும். இதனை மருத்துவர் 'ஃபிளாப்' என்பர். வேரோடு பிடுங்கி நடும் நாற்றைப் போன்றது இது.

இக்கலை நம் நாட்டுக்குப் பழையது. ஓசூரையும் கலக்கிய மைசூர்ப் போரில் (1790-92) ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டிய கோவாஸ்ஜி என்பார், திப்புவின் படையிடம் சிக்கி மூக்கறுபட்டார். பின்னர் பூனா அருகே ஒரு நாட்டு வைத்தியர், அவரது நெற்றித் தோலைக் காம்பு அறாமல் கீழே திருப்பிப் புதுமூக்கு அமைத்தார். 1794 அக்டோபரில் லண்டன் இதழொன்றில் வெளிவந்த இச்செய்தி ஐரோப்பிய மருத்துவரை வியப்பில் ஆழ்த்தியது. காம்பின் வழியே இரத்தம் ஓடியதே அவ்வெற்றியின் இரகசியம்.

தொடையிலும் அத்தகைய காம்பு உண்டு. ஆழத்தில் ஓடும் தொடைத் தமனியின் கிளையொன்று, முன்தொடைத் தசைகளுக்கு இடையே இறங்குகிறது. அதன் சிறு குழாய்கள் தசையை ஊடுருவித் தோலை அடைகின்றன. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளியோரம்வரை கோடு கிழித்தால், அதன் நடுப்புள்ளியைச் சுற்றி 3 சென்டிமீட்டருக்குள் அவை பெரும்பாலும் அமைந்திருக்கும். சீன மருத்துவர்கள் 1984-இல் இம்முறையை விளக்கினர். குழாயைத் துண்டித்து, உருப்பெருக்கியின் உதவியால் கையின் குழாயோடு தைக்கின்றனர். தசைகள் பெரும்பாலும் தத்தம் இடத்திலேயே இருப்பதால், புண் ஆறியபின் நடை பொதுவாகக் கெடுவதில்லை. தழும்பு மட்டும் எஞ்சும்.

ஆயினும் முதற்சில நாட்கள் சோதனை நாட்களே. இரத்தம் உறைந்து குழாய் அடைபட்டால் ஒட்டிய தோல் மடியும். தோல் வெளிறினாலோ கருத்தாலோ உடனே செவிலியரை அழையுங்கள். பீடி, சிகரெட் அறவே கூடாது. அவை குழாய்களைச் சுருக்கிவிடும்.

அன்புப் பெற்றோரே, தொடைத் தோல் கேட்கப்படும்போது கலங்காதீர்கள். ஐயங்களை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து, காலம் தாழ்த்தாது முடிவெடுங்கள். ஓர் உறுப்பின் துன்பத்தில் மற்றோர் உறுப்பு கைகொடுக்குமாறே நம் உடல் அமைந்துள்ளது.