பானபாத்திரக்காரர் (விவிலியம்)

பானபாத்திரக்காரர் என்பவர் பண்டைய அரசவைகளில் மன்னருக்குத் திராட்சை இரசம் பரிமாறிய அலுவலர் ஆவார். மன்னரின் பானத்தில் நஞ்சு கலவாமல் காக்க வேண்டியிருந்ததால், மிகுந்த நம்பிக்கைக்குரியவரே இப்பணியில் அமர்த்தப்பட்டார். யூதர்களும் கிறித்தவர்களும் ஏற்கும் இரு நூல்களில் இவர்களைப் பற்றிய முக்கிய நிகழ்வுகள் உள்ளன.

ஆதியாகமத்தில், சிறையில் தம் கனவுக்குப் பொருள் கூறிய யோசேப்பை, எகிப்திய பானபாத்திரக்காரர் விடுதலையான பின் மறந்துவிடுகிறார். 2 ஆண்டுகள் கழித்து, பார்வோன் கனவு கண்டபோதுதான் யோசேப்பைப் பற்றிச் சொல்கிறார். அதன் பிறகே யோசேப்பு விடுதலை பெற்று எகிப்தின் அதிகாரியாகிறார்.

நெகேமியா நூலில், பாரசீக மன்னர் அர்தசஷ்டாவிடம் பணியாற்றிய யூதரான நெகேமியா, அச்சத்துடனேயே எருசலேமின் நிலையை மன்னரிடம் எடுத்துரைக்கிறார். அனுமதி கிடைத்ததும் அங்கு சென்று, இடிந்த மதிலை மக்களுடன் 52 நாட்களில் கட்டி முடிக்கிறார்.

மன்னருக்கு அருகிலிருந்த இவ்வலுவலரின் மௌனமும் பேச்சும் பிறர் வாழ்வைத் தீர்மானித்ததை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.