படிகத்தில் தெரிந்த ஹிக்ஸ்

உலகிலுள்ள எல்லாவற்றுக்கும் நிறையைத் தருவது ஹிக்ஸ் துகள்தான் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியல்ல. புரோட்டானை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால், புரோட்டானின் நிறையில் சுமார் 1 சதவீதம்தான் தேறும். மிச்சமெல்லாம் குவார்க்குகளின் ஓட்டத்திலும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களிலும் அடைபட்டுள்ள ஆற்றல். எடை இயந்திரத்தில் ஏறி நின்றால் முள் காட்டுவது பெரும்பாலும் அந்த ஆற்றலைத்தான்.

அப்படியானால் ஹிக்ஸ் எதற்கு? முக்கியமாக, எலெக்ட்ரானுக்காக. வெளி முழுவதும் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலத்தோடு ஓர் அடிப்படைத் துகள் எவ்வளவு வலுவாக ஊடாடுகிறதோ, அவ்வளவுக்கு அதற்கு நிறை. ஒளியின் துகளான ஃபோட்டானுக்கு அந்த வழியில் நிறை கிடைப்பதே இல்லை. டாப் குவார்க்கோ எலெக்ட்ரானைவிட 3 லட்சம் மடங்குக்கு மேல் கனமானது. எலெக்ட்ரானின் சின்னஞ்சிறு நிறையும் இல்லாமல் போனால், அது அணுக்கருவோடு சேர்ந்து அணுவாகாது. அணு இல்லையென்றால் தண்ணீரும் இல்லை, நாமும் இல்லை.

இந்தப் புலத்தை 1964இல் பீட்டர் ஹிக்ஸும், பிரான்சுவா எங்லேர், ராபர்ட் பிரவுட் இணையரும் தனித்தனியே காகிதத்தில் கண்டார்கள். புலம் உண்மையென்றால், அதை உலுக்கும்போது ஒரு துகள் எழ வேண்டும். ஜெனீவா அருகே, செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கத்தில் புரோட்டான்களை எதிரெதிரே மோதவிட்டார்கள். ஏறக்குறைய நூறு கோடி மோதலில் ஒன்றில்தான் ஹிக்ஸ் பிறக்கும். பிறந்த வேகத்தில் சிதையும், அபூர்வமாக இரண்டு ஃபோட்டான்களாக.

அவற்றைப் பிடிக்க, அங்குள்ள சி.எம்.எஸ். என்ற கருவியில் சுமார் 76,000 ஈய டங்ஸ்டேட் படிகங்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். எஃகைவிட அடர்த்தி, ஆனால் கண்ணாடியாகத் தெளிவு. ஃபோட்டான் புகுந்ததும் படிகம் மங்கலாக ஒளிரும். அந்த ஒளியை அளந்து, இரு ஃபோட்டான்களும் எவ்வளவு நிறையுள்ள துகளிலிருந்து வந்திருக்கும் என்று கணக்கிட்டுக் குறித்துக்கொண்டே போனார்கள். வழவழவென்று சரியும் வரைகோட்டில், புரோட்டானைப்போல் சுமார் 133 மடங்கு நிறையில் ஒரு சிறு மேடு எழுந்தது. அட்லஸ் என்ற இன்னொரு கருவியும் தனியே அங்கேயே மேட்டைக் கண்டது. 2012 ஜூலை 4 அன்று அறிவிப்பு வந்தபோது, அரங்கில் இருந்த 83 வயது ஹிக்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிரவுட் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார்.

அதன்பின் புதிய அடிப்படைத் துகள் எதுவும் அங்கே சிக்கவில்லை. இதைத் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கரும்பொருள் எதனால் ஆனது, நியூட்ரினோவுக்கு நிறை எங்கிருந்து வந்தது என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. கண்டுபிடித்த ஹிக்ஸிடமே கேட்க வேண்டியதும் நிறைய. அது மியூவான் என்ற துகள்களாகச் சிதைவதற்கான சான்று 2020இல்தான் கிடைத்தது. எலெக்ட்ரானோடு அது ஊடாடுவதை இன்றுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை.