இரும்பில் தடையே இல்லாமல் கரண்ட் பாய்வது எப்படி? எலக்ட்ரான்களின் 'திசை' ரகசியம்: எளிய விளக்கம்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷினுக்குள் இருக்கும் காந்தச் சுருளில் கரண்ட் எந்தத் தடையும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். காரணம், அந்தக் கம்பி ஒரு சூப்பர் கண்டக்டர், அதாவது மீக்கடத்தி. ஆனால் அதைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். இதற்குச் செலவு அதிகம். இவ்வளவு குளிர் தேவைப்படாத மீக்கடத்தி கிடைக்காதா என்ற தேடலில் வந்து நிற்பதுதான் இரும்பு.

இரும்பு ஏன் ஆச்சரியம்?

காந்தத்தன்மை மீக்கடத்தலைக் கெடுக்கும் என்பதால் இரும்பை யாரும் பெரிதாக நம்பவில்லை. 2008-ல் ஜப்பானின் ஹிடியோ ஹோசோனோ குழு, இரும்பும் ஆர்சனிக்கும் உள்ள சேர்மம் மைனஸ் 247 டிகிரியில் மீக்கடத்தியாவதைக் காட்டியது. அதே ஆண்டு தைவான் ஆய்வாளர்கள், இரும்பும் செலினியமும் மட்டுமே கொண்ட எளிய சேர்மத்திலும் இதைக் கண்டார்கள்.

ஜோடி சேர்ப்பது யார்?

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகப் போகும். இலவம்பஞ்சு மெத்தையில் ஒருத்தர் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரிவார் தானே? பாதரசம், ஈயம் போன்ற உலோகங்களில் அந்த மெத்தை வேலையைச் செய்வது அணுக்களின் அதிர்வு. இரும்புச் சேர்மங்களுக்கு அது மட்டும் போதாது என்று கணக்குகள் காட்டின. அப்போ ஒட்ட வைக்கும் பசை எது? முதல் சந்தேகம் காந்த அலைபாய்தல் மீது விழுந்தது. இரண்டாவது சந்தேகம், 'நெமாட்டிக்' அலைபாய்தல் மீது.

நெமாட்டிக் அப்படின்னா என்ன?

எல்சிடி திரைக்குள் இருக்கும் திரவப் படிகத்தில் மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும். அதற்குப் பெயர் நெமாட்டிக். இரும்பு செலினைடு படிகத்தில் இரும்பு அணுக்கள் சதுரக் கட்டங்களாக அடுக்கப்பட்டிருக்கும். நீளவாக்கு, அகலவாக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சுமார் மைனஸ் 183 டிகிரிக்குக் கீழே போனால், எலக்ட்ரான்கள் ஏதோ ஒரு வாக்கைத் தேர்ந்தெடுத்துவிடும். சதுரமும் லேசாக நீள்சதுரமாகும்.

அந்த முடிவை எடுக்கும் முன் 'இப்படியா, அப்படியா' என்று எலக்ட்ரான்கள் ஊசலாடுவதே நெமாட்டிக் அலைபாய்தல்.

கந்தகம் தந்த துப்பு

செலினியத்தில் சுமார் 17 சதவீதத்தை எடுத்துவிட்டுக் கந்தகம் சேர்த்தால், நெமாட்டிக் நிலை முற்றிலும் மறைகிறது. அந்த எல்லையில்தான் ஊசலாட்டம் உச்சம். இதில் காந்த ஒழுங்கும் இல்லை என்பதால், ஒரு சந்தேக நபரைத் தனியாகப் பிடித்து விசாரிப்பது போன்ற வாய்ப்பு இது.

2024-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 19 சதவீதம் கந்தகம் உள்ள படிகத்தை ஆராய்ந்தார்கள். எலக்ட்ரான் ஜோடியைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் திசைக்குத் திசை மாறியது; சில திசைகளில் மிகக் குறைவு. நெமாட்டிக் அலைபாய்தல் பசையாக இருந்தால் எதிர்பார்க்கக்கூடிய வடிவம் இது.

சிக்கல் எங்கே?

பசை கிடைத்தாலும் பலன் உடனே கிடைக்கவில்லை. கந்தகம் சேர்த்து இந்த எல்லையைத் தாண்டும்போது மீக்கடத்தல் வெப்பநிலை உயராமல் குறைகிறது. ஆனால் கந்தகத்துக்குப் பதில் டெல்லூரியத்தைச் சுமார் பாதி அளவு சேர்த்தால், நெமாட்டிக் நிலை மறையும் இடத்துக்கு அருகிலேயே மைனஸ் 265-லிருந்து மைனஸ் 259 டிகிரி வரை ஏறுகிறது.

ஒரே ஊசலாட்டம், ஓரிடத்தில் உதவுகிறது, இன்னோரிடத்தில் உதவவில்லை. இந்த வித்தியாசத்துக்கு விடை தெரிந்தால், எந்தத் தனிமத்தை எவ்வளவு கலப்பது என்று குருட்டாம்போக்கில் தேடாமல், திட்டமிட்டே புதிய மீக்கடத்திகளை உருவாக்க வழி பிறக்கும்.