கைக்குள் அடங்கும் ஒரு வால்வு... நின்றுபோன கார் தொழிற்சாலைகள்! டொயோட்டா படித்த பாடம் என்ன?

1997-ம் ஆண்டு, பிப்ரவரி 1. சனிக்கிழமை அதிகாலை 4.18 மணி. ஜப்பானின் கரியா நகரில் இருந்த ஐசின் செய்கி நிறுவனத்தின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. விடிந்து பார்த்தபோது, பிரேக் பாகங்களைத் தயாரிக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் கருகிப்போயிருந்தன.

அங்கே தயாரானவற்றில் ஒன்று, ‘பி-வால்வு’. கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பொருள். பிரேக்கை அழுத்தும்போது பின் சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, கார் சறுக்காமல் காப்பதுதான் இதன் வேலை. விலையும் பெரிதில்லை. ஆனால், டொயோட்டா கார்களுக்குத் தேவையான பி-வால்வுகளில் 99 சதவிகிதத்தை ஐசின் நிறுவனம்தான் கொடுத்துவந்தது!

கையிருப்பு சொற்பம். செவ்வாய்க்கிழமைக்குள் ஜப்பானில் இருந்த டொயோட்டாவின் 30 உற்பத்தி வரிசைகளில் 20 நின்றுவிட்டன. மறுநாள் கிட்டத்தட்ட எல்லாமே நின்றன. உலகமே வியந்து பார்த்த ஒரு நிறுவனம், ஒரு சின்ன வால்வுக்காகக் கைகட்டி நின்றது.

இவ்வளவு பெரிய நிறுவனம் ஏன் கூடுதலாக ஸ்டாக் வைத்திருக்கவில்லை? அதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. யோசித்து எடுத்த முடிவு அது.

தேவைப்படும்போது மட்டும்!

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானில் பணத்துக்குப் பஞ்சம். 1950-ல் டொயோட்டாவே திவாலாகும் நிலைக்குப் போய் மீண்டது. வாங்கிய உதிரிபாகங்களைக் குடோனில் குவித்துவைத்தால், பணமும் அங்கேயே முடங்கிவிடும். ஒரு பாகத்தில் குறை இருந்தால், அதே குறையுள்ள ஆயிரக்கணக்கான பாகங்கள் சேர்ந்த பிறகுதான் அது தெரியவரும்.

டொயோட்டாவின் நிறுவனர் கீச்சிரோ டொயோடா, போருக்கு முன்பே ஒரு யோசனையைச் சொல்லியிருந்தார். தேவையான பொருள், தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் வர வேண்டும் என்பதுதான் அது. ‘ஜஸ்ட் இன் டைம்’ என்று பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இந்த யோசனையைத் தொழிற்சாலையில் நடத்திக் காட்டியவர், பொறியாளர் தாய்ச்சி ஓனோ.

அவருக்கு வழிகாட்டியது அமெரிக்க சூப்பர் மார்க்கெட். அங்கே வாடிக்கையாளர் ஒரு பொருளை எடுத்தால், காலியான அந்த இடத்தை மட்டும் கடைக்காரர் நிரப்புகிறார். அதேபோல, ஒரு பிரிவு பாகங்களை எடுத்துக்கொண்டால், எடுத்த அளவுக்கு மட்டும் முந்தைய பிரிவு தயாரித்துத் தர வேண்டும். இந்தத் தகவலைச் சொல்ல ஓர் அட்டை. அதுதான் ‘கான்பான்’.

செலவு குறைந்தது, தரம் உயர்ந்தது. உலகம் முழுக்க உள்ள தொழிற்சாலைகள் இதைப் பின்பற்றின. ஆனால், எங்கேயாவது ஒரு கண்ணி அறுந்தால்? அந்தக் கேள்வியைத்தான் கரியா நகரத் தீ எழுப்பியது.

கைகொடுத்த தையல் மெஷின் நிறுவனம்

தீ அணைந்த கையோடு ஐசின் நிறுவனம் உதவி கேட்டது. வால்வின் வரைபடங்கள் மற்ற நிறுவனங்களுக்குப் பறந்தன. சுமார் 200 நிறுவனங்கள் ஏதோ ஒரு வகையில் களமிறங்கின. அவற்றில் 62 நிறுவனங்கள் வால்வைத் தயாரிக்கும் வேலையையே எடுத்துக்கொண்டன. தையல் மெஷினுக்குப் பேர்போன ‘பிரதர்’ நிறுவனமும் அதில் ஒன்று. அதுவரை கார் பாகம் தயாரித்த அனுபவமே அதற்கு இல்லை!

‘எவ்வளவு தருவீர்கள்?’ என்று யாரும் பேரம் பேசிக்கொண்டிருக்கவில்லை. முதலில் வேலை, கணக்கு பிறகு என்று இறங்கினார்கள். நான்கு நாள்களுக்குள் முதல் வால்வுகள் வந்து சேர்ந்தன. பத்து நாள்களுக்குள் டொயோட்டா பழைய வேகத்தை எட்டியது.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. செலவுகளை ஐசின் ஏற்றுக்கொண்டது. டொயோட்டாவும் தன் பங்குக்கு, நேரடி சப்ளையர்கள் அந்தக் காலாண்டில் தனக்குச் செய்த விற்பனையில் 1 சதவிகிதத்தை நன்றித்தொகையாகக் கொடுத்தது. மொத்தம் சுமார் 1,500 கோடி யென்.

கண்ணுக்குத் தெரியாத கண்ணி

2011, மார்ச் 11. ஜப்பானை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. இந்த முறை பாதிப்பு ஒரு தொழிற்சாலையோடு நிற்கவில்லை. இபராகி மாகாணத்தில் இருந்த ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா தொழிற்சாலையும் சேதமடைந்தது. கார்களுக்குத் தேவையான ‘மைக்ரோ கன்ட்ரோலர்’ சிப்கள் தயாரான முக்கிய இடம் அது. கார் நிறுவனங்களிலிருந்தெல்லாம் ஆள்கள் வந்து, நாளொன்றுக்கு 2,500 பேர் வரை வேலைசெய்து அதை மீட்டெடுத்தார்கள். அப்படியும் டொயோட்டாவின் உற்பத்தி முழுமையாகச் சீராக, சுமார் ஆறு மாதங்கள் ஆனது.

டொயோட்டாவுக்கு அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. தன்னிடம் நேரடியாகப் பொருள் தருபவர்களை அதற்குத் தெரியும். அவர்களுக்குத் தருபவர்கள் யார், அவர்களுக்கும் தருபவர்கள் யார் என்பது முழுதாகத் தெரியாது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்குவதால் ஆபத்தில்லை என்று நினைத்திருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், இருவருமே ஒரே சிப் தொழிற்சாலையை நம்பியிருப்பார்கள்!

எனவே, எந்தப் பாகம் எந்த ஊரில், எந்தத் தொழிற்சாலையில் தயாராகிறது என்பதை அடிமட்டம் வரை பதிவுசெய்யும் தகவல் தொகுப்பை டொயோட்டா உருவாக்கியது. நின்றுபோனால் மீண்டும் கிடைக்க நீண்டகாலம் ஆகும் பாகங்கள் எவை என்று பட்டியலிட்டது. சிப்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குத் தேவையான சிப்களைக் கையிருப்பில் வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. ‘ஸ்டாக் வேண்டாம்’ என்று உலகத்துக்குச் சொல்லித்தந்த நிறுவனமே, ‘இதை மட்டும் ஸ்டாக் வையுங்கள்’ என்றது.

பத்து ஆண்டுகள் கழித்து...

2020-ல் கொரோனா வந்ததும் கார் விற்பனை சரிந்தது. கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களைக் குறைத்தன. வீட்டிலிருந்தே வேலை, ஆன்லைன் வகுப்பு என்று லேப்டாப்களின் தேவை எகிறியதால், சிப்கள் அந்தப் பக்கம் போயின. கார் விற்பனை மீண்டபோது, வரிசையில் கடைசியில் நிற்க வேண்டிய நிலை. புது கார் புக் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அந்த நாள்கள் நினைவிருக்கும்.

2021-ன் தொடக்கத்தில் மற்ற நிறுவனங்கள் தடுமாறியபோது, டொயோட்டா சமாளித்து ஓடியது. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸை விற்பனையில் முந்தியது. 1931-லிருந்து அங்கே முதலிடத்தை விட்டுக்கொடுக்காத நிறுவனம் அது!

ஆனால், கையிருப்பும் ஒரு நாள் தீரும். தென்கிழக்கு ஆசியாவில் கொரோனா பரவி அங்குள்ள தொழிற்சாலைகள் முடங்க, 2021 செப்டம்பர் மாத உற்பத்தித் திட்டத்தை டொயோட்டா 40 சதவிகிதம் குறைக்க வேண்டியதாயிற்று. முன்னேற்பாடு அடியைத் தள்ளிப்போடும், வலியைக் குறைக்கும். அடியே விழாமல் செய்துவிடாது.

நம் வீட்டிலும் இதுதான்!

டொயோட்டா இன்றும் ஜஸ்ட் இன் டைமைக் கைவிடவில்லை. எல்லாவற்றையும் குவித்துவைத்தால் பணம் முடங்கும். எதையுமே வைக்காவிட்டால் வேலை முடங்கும். எதை வைப்பது, எதை விடுவது என்று பிரித்தறிவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நம் வீட்டில் கொத்தமல்லி, தக்காளியை அன்றன்றைக்கு வாங்கிக்கொள்கிறோம். தெருமுனையில் இல்லாவிட்டால் அடுத்த கடையில் கிடைக்கும். ஆனால், கேஸ் சிலிண்டர் அப்படியில்லை. புக் செய்து காத்திருக்க வேண்டும். அதனால்தான் முடிந்தவர்கள் இரண்டாவது சிலிண்டர் வைத்திருக்கிறார்கள். அதுவும் சட்டென்று தீர்ந்துபோனால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்.

சின்னக் கடையோ, பட்டறையோ, தையல் யூனிட்டோ நடத்துபவர்கள் இன்றைக்கே ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்க்கலாம். எந்தப் பொருள் நின்றால் என் வேலை நிற்கும்? அது திரும்பக் கிடைக்க எத்தனை நாள் ஆகும்? எனக்குத் தருபவருக்கு யார் தருகிறார்? அவசரத்தில் எனக்குக் கைகொடுக்க யார் இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கான பதிலை அவசரம் வந்த பிறகு தேட முடியாது. ஐசினுக்காக 62 நிறுவனங்கள் பேரம் பேசாமல் ஓடிவந்தது, அதற்கு முந்தைய பல வருடப் பழக்கத்தின் பலன்!